95 ஆயிரம் கட்டிப் புத்தகம் போடலாமா?

தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவர். மலையடிவார ஊர்களின் துணை சுகாதார நிலையங்களில் தங்கி, பிரசவம் பார்த்த நாட்களையும் தடுப்பூசிக்காக வீடு வீடாக நடந்த நாட்களையும் நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறார். மகள் அதைத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார். அச்சில் 240 பக்கம் வருமாம்.

முகநூலில் விளம்பரம் பார்த்து, ஒரு பதிப்புச் சேவை நிறுவனத்துக்கு அதை அனுப்பியிருக்கிறார். இரண்டே நாளில் “உங்கள் புத்தகம் தேர்வாகிவிட்டது” என்று பதில் வந்திருக்கிறது. மொத்தச் செலவு 95,000 ரூபாய். 500 பிரதிகள், அட்டை வடிவமைப்பு, ஐஎஸ்பிஎன், பதிப்புரிமைப் பதிவு, இணைய விற்பனை, சென்னைப் புத்தகக் காட்சியில் வெளியீடு எல்லாம் அதில் அடக்கம். விலை 250 ரூபாய். 50 பிரதிகள் ஆசிரியருக்கு. மீதியை நிறுவனமே விற்று, தன் கைக்கு வரும் தொகையில் 30 சதவீதத்தை அவருக்குத் தரும். முன்பதிவுக்கென்று 5,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டார். மாதக் கடைசிக்குள் அடுத்த தவணையைக் கட்டி, ஒன்பது பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் ஜனவரிக்குள் புத்தகம் வரும் என்கிறார்கள். கையெழுத்து இன்னும் போடவில்லை.

பணத்துக்கு இரண்டு வழி யோசித்திருக்கிறார். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 14 மாதங்களுக்கு முன் போட்ட 4 லட்சத்தை உடைப்பது, இல்லையென்றால் நகையை அடகு வைப்பது. கணவர் வேண்டாம் என்கிறார், மகள் போடலாம் என்கிறார். “பணம் கட்டாமல் இந்தக் காலத்தில் யாரும் புத்தகம் போடுவதில்லை என்கிறார்களே, உண்மையா? பதிவு செய்யாமல் வைத்திருந்தால் என் எழுத்தை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்களா? இப்போது பணம் போடலாமா, காத்திருக்கலாமா?” என்று கேட்கிறார். கூடவே ஒரு வரி: “நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன், பெயரைக்கூட மாற்றவில்லை.” ஒப்பந்தத்தையும் இரண்டு அத்தியாயங்களையும் பொருளடக்கத்தையும் இணைத்திருக்கிறார்.

அம்மா, முதலில் அத்தியாயங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காட்டாற்றில் வெள்ளம் வந்த இரவில், வலியில் துடித்த பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நான்கு பேர் கரையேறிய கதையை ஒரே மூச்சில் படித்தேன். இந்த வேலையை உள்ளே இருந்து பார்த்தவர்கள் அதிகம் எழுதியதில்லை. உங்கள் புத்தகம் வர வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். அதனால்தான் இந்தப் பதில் நீளமாக இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், இந்த மாதம் பணமும் கட்டாதீர்கள். புத்தகத்துக்குச் செலவே செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தச் செலவு முதலில், எது கடைசியில் என்ற வரிசை இங்கே தலைகீழாக இருக்கிறது. அச்சுக்கும் வெளியீட்டு விழாவுக்கும் பணம் கேட்கிறார்கள். ஆனால் உங்கள் பிரதிக்கு இன்று தேவைப்படுவது இரண்டுமே அல்ல.

500 பிரதியும் விற்றால் என்ன கிடைக்கும்?

அவர்கள் தந்த எண்களை வைத்தே கணக்குப் போடலாம். விலை 250. கடைக்கும் இணையதளத்துக்கும் 40 சதவீதக் கழிவு போகும் என்று ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்கிறது. நிறுவனத்தின் கைக்கு வருவது 150. அதில் 30 சதவீதம், அதாவது ஒரு பிரதிக்கு 45 ரூபாய் உங்களுக்கு. அவர்கள் விற்க வைத்திருப்பது 450 பிரதிகள். அத்தனையும் விற்றாலும் 20,250 ரூபாய். உங்களுக்குத் தரும் 50 பிரதிகளை நீங்களே முழு விலைக்கு விற்றால் இன்னொரு 12,500. ஆக 32,750.

போட்டது 95,000. கடைசிப் பிரதிவரை விற்றுத் தீர்ந்த பிறகும் 62,250 ரூபாய் திரும்பி வராது. புத்தகம் ஓடாது என்பதால் வரும் நஷ்டம் இல்லை இது. நன்றாக ஓடினாலும் இதே கதைதான், ஒப்பந்தத்தை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய லாபம் நீங்கள் கட்டும் பணத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் ஒரு பிரதியாவது விற்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு எங்கே இருக்கிறது?

நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: பழக்கமான உள்ளூர் அச்சகத்தில் இதே 240 பக்கத்துக்கு, 100 பிரதிக்கு 13,000, 300 பிரதிக்கு 28,500 சொன்னார்கள் என்று. பிரதிக்கு 130, 95. நிறுவனத்தின் கணக்கில் பிரதிக்கு 190 ஆகிறது. வடிவமைப்பும் மற்ற சேவைகளும் சேர்ந்தது என்பார்கள். அப்படியென்றால் ஒவ்வொரு சேவைக்கும் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஐஎஸ்பிஎன், பதிப்புரிமைப் பதிவு இரண்டுக்கும் சேர்த்து 7,500 என்று ஒரே ஒரு வரிதான் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

நூலக ஆணை கிடைத்தால் ஈடுகட்டிவிடலாம் என்று தொலைபேசியில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பொது நூலக இயக்ககம் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்து வாங்குவது உண்மைதான். ஆனால் எந்தப் பதிப்பாளரும் அதற்கு முன்கூட்டி உறுதி தர முடியாது. கிடைத்தாலும் பணம் வரக் காலம் பிடிக்கும். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாயால் சொன்னது எழுத்தில் இல்லையென்றால், அதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

பணம் கட்டாமல் யாரும் போடுவதில்லையா?

அது உண்மையில்லை. தமிழில் சொந்த முதலில் புத்தகம் போடும் பதிப்பகங்கள் பெரியதும் சிறியதுமாக இன்றும் இருக்கின்றன. அவர்கள் ஆசிரியரிடம் பணம் வாங்குவதில்லை. விற்ற பிரதிக்கு விலையில் ஒரு பங்கை, பொதுவாகப் பத்து சதவீதம் அளவில், ராயல்டியாகத் தருவதாக ஒப்பந்தம் போடுவார்கள். அங்கே கதவு திறக்கத் தாமதமாகும், பல இடங்களில் பதிலே வராது. அந்தக் காத்திருப்பில் மனம் சோர்வது இயல்பு. ஆனால் நீங்கள் இன்னும் ஒரு பதிப்பகத்துக்குக்கூட அனுப்பிப் பார்க்கவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது.

இரண்டாவது வழி, உங்கள் காசில் நீங்களே பதிப்பாளராவது. அது கௌரவக் குறைவான வேலை இல்லை. அங்கே செலவு உங்களுடையது, பிரதிகள் உங்களுடையவை, அட்டையும் பக்க வடிவமைப்புக் கோப்பும் உங்களுடையவை, விற்ற பணமும் உரிமையும் உங்களுடையவை.

உங்களிடம் நீட்டப்பட்டிருப்பது இந்த இரண்டும் இல்லை. செலவை நீங்கள் செய்து, பிரதியையும் உரிமையையும் அவர்கள் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. இதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

பதிவு செய்யாவிட்டால் எழுத்து போய்விடுமா?

போகாது. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, நீங்கள் நோட்டில் எழுதி முடித்த அன்றே உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. பதிவு கட்டாயம் இல்லை. பின்னால் தகராறு வந்தால் பதிவுச் சான்றிதழ் ஒரு முதற்கட்டச் சாட்சியாக நிற்கும், அவ்வளவுதான் அதன் பயன். வேண்டுமென்றால் நீங்களே இணையவழியில் பதிவு செய்யலாம். இலக்கியப் படைப்பு ஒன்றுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். உங்கள் கையெழுத்தில் தேதி போட்ட அந்த நோட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். மகள் தட்டச்சு செய்த கோப்பை உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள். இன்றைக்கு இந்தப் பாதுகாப்பு போதும்.

ஐஎஸ்பிஎன் என்பது கடைகளும் நூலகங்களும் புத்தகத்தை அடையாளம் காண உதவும் 13 இலக்க எண். அதனால் உரிமையும் வராது, தரச் சான்றும் ஆகாது. இந்தியாவில் மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, தனிநபர் ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம். ஆக அவர்கள் கேட்கும் 7,500 ரூபாயில் அரசுக்குப் போவது 500தான். இன்னொன்று, நிறுவனம் தன் பெயரில் வாங்கும் எண்ணில் பதிப்பாளராக அந்த நிறுவனம்தான் பதிவாகும்.

உங்கள் எழுத்தை யாரோ திருடுவதைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, நீங்களே கையெழுத்துப் போட்டு அதை எழுதிக் கொடுத்துவிடுவீர்களோ என்பதுதான்.

ஒப்பந்தத்தின் நான்காம், ஏழாம் பிரிவுகள்

நான்காம் பிரிவில், எல்லா மொழிகளிலும் எல்லா வடிவங்களிலும், மின்னூல், ஒலிநூல், திரைப்படம், தொடர் உட்பட, பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் உரிமையை நிறுவனத்துக்கு மாற்றித் தருவதாக இருக்கிறது. பதிப்புரிமைக் காலம் என்றால் உங்கள் ஆயுள், அதற்கு மேல் 60 ஆண்டு. உங்கள் பேரப்பிள்ளை இந்தப் புத்தகத்தை மறுபதிப்புப் போட நினைத்தாலும் அவர்களிடம் போய் நிற்க வேண்டும்.

சட்டத்தின் 19ஆம் பிரிவு எழுத்தாளருக்குச் சில காவல்களை வைத்திருக்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்று குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, அந்த மாற்றம் காலாவதியாகிவிடும். ஆனால் இந்த ஒப்பந்தத்தை எழுதியவர்களுக்கு அதெல்லாம் தெரிந்திருக்கிறது. காலத்தையும் பரப்பையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, ஓராண்டு விதி பொருந்தாது என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு, ஆங்கிலத்தில் இருந்ததால் புரியவில்லை என்று சொல்லித் தப்பிப்பது மிகக் கடினம்.

ஏழாம் பிரிவு இதைவிட ஆபத்தானது. புத்தகத்தின் உள்ளடக்கத்தால் யார் வழக்குப் போட்டாலும், நிறுவனத்தின் வக்கீல் செலவு உட்பட அத்தனையையும் ஆசிரியரே ஏற்க வேண்டும் என்கிறது. இந்த மாதிரிப் பிரிவு பல பதிப்பக ஒப்பந்தங்களில் இருக்கும். ஆனால் பொறுப்பான பதிப்பகம் பிரதியைப் படித்து, சிக்கலான இடங்களை முதலிலேயே உங்களிடம் கேட்கும். இங்கே இரண்டு நாளில் தேர்வு செய்தவர்கள் உங்கள் பொருளடக்கத்தையாவது பார்த்தார்களா என்பது எனக்குச் சந்தேகம். பார்த்திருந்தால் கட்டாயம் உங்களைக் கூப்பிட்டுப் பேசியிருப்பார்கள்.

“நடந்ததைத்தானே எழுதியிருக்கிறேன்”

அம்மா, கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்காத இந்த விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. பொருளடக்கத்தில் மூன்று அத்தியாயங்கள்: பதினைந்து வயதில் கர்ப்பமான பெண், எச்ஐவி இருந்த தாய், பிறந்த பெண் குழந்தையைக் கொன்றுவிட்டதாக ஊர் பேசிய குடும்பம். மூன்றிலும் உண்மைப் பெயர், உண்மையான ஊர்.

நடந்தது உண்மை என்பதால் மட்டும் அச்சில் போட்டுவிட முடியாது. 1994இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பாக எழுந்த வழக்கு அது. ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை, பிள்ளைப்பேறு போன்ற அந்தரங்க விஷயங்களை, உண்மையோ பொய்யோ, அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது, பொது ஆவணங்களில் இருப்பது விதிவிலக்கு என்றது தீர்ப்பு. பொது ஆவணத்தில் இருந்தாலும் பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே அறிவித்துவிட்டது. உங்கள் புத்தகம் முழுக்கவே தாய்மையையும் பிள்ளைப்பேற்றையும் பற்றியது.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். பதினைந்து வயதுப் பெண், கல்யாணம் ஆனவளாகவே இருந்தாலும், இன்றைய சட்டத்தின் கண்ணில் பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தை. அவளுடைய பெயர், முகவரி, புகைப்படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடப் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இதற்கு இரண்டாண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. எச்ஐவி நிலையைப் பொறுத்தவரை, நம்பிக்கையின் பேரில் தெரியவந்த தகவலைச் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் சொல்கிறது. செவிலியரிடம் சொன்னதைவிட நம்பிக்கையின் பேரில் சொன்னது வேறென்ன இருக்கிறது? மூன்றாவது குடும்பம் குற்றவியல் அவதூறு வழக்குப் போடலாம். அங்கே உண்மை என்று சொல்வது மட்டும் போதாது. உண்மை என்று நிரூபிக்கவும் வேண்டும், அதை வெளியிட்டது பொது நன்மைக்காக என்று காட்டவும் வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஊர் பேசியதை இன்று எதை வைத்து நிரூபிப்பீர்கள்? இறந்துபோனவரைப் பற்றி எழுதினாலும், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கம் இருந்ததாகக் கருதினால் அவதூறு வரும்.

சட்டத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பதினைந்து வயதுப் பெண் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பாள். மருமகள் வந்திருக்கலாம். அந்த ஊரில் ஒருவர் இந்தப் புத்தகத்தை வாங்கினால் போதும். உங்களை “சிஸ்டரம்மா” என்று கூப்பிட்டு வாசலில் உட்கார வைத்தவர்களுக்கு இப்படி ஒன்று நேர்வதை நீங்களே விரும்பமாட்டீர்கள் என்று உங்கள் எழுத்தைப் படித்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

இதனால் அந்த அத்தியாயங்களைத் தூக்கிப்போட வேண்டும் என்று அர்த்தமில்லை. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், ஆண்டு, கணவரின் தொழில், குழந்தைகளின் எண்ணிக்கை என்று அந்த ஊர்க்காரர் படித்தாலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மாற்ற வேண்டும். பதிவேட்டிலிருந்து எடுத்த எண்கள், தேதிகள் எதுவும் வேண்டாம். “இதில் வரும் பெயர்கள் கற்பனையே” என்று முன்பக்கத்தில் ஒரு வரி போடுவதால் மட்டும் காப்பு வராது. மாறாக, வெள்ளத்தில் கட்டிலில் வந்த பெண்மணி போல, சந்தோஷமாகத் தன் பெயர் வரட்டும் என்று சொல்லக்கூடியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டி, அரைப் பக்கம் தமிழில் சம்மதக் கடிதம் எழுதி வாங்குங்கள். குழந்தைகளின் புகைப்படங்களுக்கும் அப்படித்தான். இன்று வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட அந்தப் பிள்ளைகளிடமே கேட்க வேண்டும்.

இந்த வேலைக்குப் பணம் தேவையில்லை. ஆனால் இது முடிவதற்கு முன் ஒரு பிரதிகூட அச்சாகக்கூடாது.

சரி, எப்போது பணம் போடலாம்?

பெயர்களும் அடையாளங்களும் சரியான பிறகு, உங்களைத் தெரியாத மூன்று நான்கு பேரிடம் பிரதியைக் கொடுங்கள். மகளும் பழைய சக ஊழியர்களும் பாராட்டுவார்கள், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஒருவர், ஒரு தமிழாசிரியர், செவிலியர் கல்லூரி மாணவி ஒருத்தி, இப்படி. எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று மட்டும் கேளுங்கள். இரண்டு அத்தியாயங்களைச் சிற்றிதழுக்கோ இணைய இதழுக்கோ அனுப்புங்கள். கூடவே சுருக்கமும் மாதிரி அத்தியாயங்களுமாக நான்கைந்து பதிப்பகங்களுக்கு எழுதுங்கள். இதழில் வந்தால் பதிப்பாளர் கவனிக்கவும் வாய்ப்பு கூடும், உரிமையும் உங்களிடமே இருக்கும்.

முதல் செலவு செம்மையாக்கத்துக்கு. மெய்ப்புப் பார்ப்பது வேறு, அது எழுத்துப் பிழை திருத்துவது. உங்கள் பிரதிக்கு அதற்கு முன்னால், எது தேவை, எது மிகை, எந்த அத்தியாயம் எங்கே வர வேண்டும் என்று பார்க்கும் ஒருவர் வேண்டும். எனக்கு அனுப்பிய இரண்டு அத்தியாயங்களிலேயே ஒரே சம்பவம் இரண்டு முறை வருகிறது. முழுப் பிரதிக்கும் பேசுவதற்கு முன் ஓர் அத்தியாயத்துக்கு மட்டும் பணம் கொடுத்து, அவர் செய்த வேலை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்காக அஞ்சலகப் பணத்தைத் தொடாதீர்கள். அந்தத் திட்டத்தில் ஒரு கணக்கிலிருந்து பகுதித் தொகை எடுக்க முடியாது, கணக்கையே மூட வேண்டும். ஓராண்டு முடிந்து இரண்டாண்டு ஆவதற்குள் மூடினால் வைப்புத் தொகையில் 1.5 சதவீதம், உங்களுக்கு 6,000 ரூபாய், பிடித்துக்கொள்வார்கள். நகைக் கடனுக்கு வட்டி ஓடும், புத்தகம் விற்கும் வேகத்தில் அந்த வட்டியைக்கூடக் கட்ட முடியாது. அந்த 4 லட்சத்துக்கு 8.2 சதவீத வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை 8,200 வருகிறதே, வீட்டுச் செலவுக்கு அது தேவைப்படாவிட்டால் இரண்டு மூன்று காலாண்டு சேர்த்து வையுங்கள். செம்மையாக்கத்தையும் அட்டையையும் அதில் தொடங்கலாம். திரும்பி வராவிட்டாலும் வீட்டில் யாருக்கும் வருத்தம் இல்லை என்று நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் உட்கார்ந்து ஒப்புக்கொள்ளும் தொகைதான் இந்தப் புத்தகத்துக்கான தொகை. அவர் புத்தகத்தை வேண்டாம் என்று சொல்கிறாரா, கடனை வேண்டாம் என்று சொல்கிறாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கடிதத்தைப் படித்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

அச்சுச் செலவுக்கு நேரம் எப்போது வரும் என்றால், வாங்க ஆள் இருப்பது தெரிந்த பிறகு. தமிழில் முன்வெளியீட்டுத் திட்டம் என்று ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. 250 ரூபாய் புத்தகம், முன்பணம் செலுத்துவோருக்கு 200 என்று அறிவித்து, பெயர்களைச் சேர்ப்பார்கள். உங்களுக்கு மாவட்டம் முழுக்கச் செவிலியர் நண்பர்கள் இருக்கிறார்கள், சங்கம் இருக்கிறது, செவிலியர் பள்ளிகள் தெரியும். 65 பேர் பணம் கட்டினாலே 13,000 ரூபாய், 100 பிரதியின் அச்சுச் செலவு வந்துவிடும். யாரும் கட்டவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல், காசு போகாமல் கிடைத்த தகவல். வாங்கும் பணத்துக்குத் தனி நோட்டுப் போட்டு, தேதி சொல்லி, அந்தத் தேதி தவறினால் திருப்பிக் கொடுங்கள். மொத்தமாக அடிக்க ஏற்ற ஆப்செட் முறையில் 500 பிரதி அடித்து வீட்டுப் பரணில் அடுக்குவதைவிட, குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற டிஜிட்டல் முறையில் 100 பிரதி அடித்து, தீர்ந்ததும் மறுபடி அடிப்பது உங்கள் நிலைக்குப் பொருந்தும். பிரதிக்கான செலவு கூடுதலாகும், பரவாயில்லை. அச்சகத்தில் பக்க வடிவமைப்பின் மூலக் கோப்பு யூனிகோட் எழுத்துருவில் உங்களுக்கே வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மகள் விரும்பினால் அமேசானின் கிண்டில் தளத்தில் மின்னூலாகப் போடலாம், பதிவேற்றக் கட்டணம் இல்லை. அங்கே உள்ள கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால் 90 நாள்களுக்கு மின்வடிவத்தை வேறெங்கும் தரக்கூடாது என்பதை மட்டும் கவனியுங்கள்.

புத்தகம் வந்த 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு ஆளுக்கொரு பிரதி அனுப்புவது பதிப்பாளரின் கடமை, 1954ஆம் ஆண்டுச் சட்டம். இங்கே பதிப்பாளர் நீங்கள்தான், எனவே நான்கு பிரதியை ஒதுக்கி வையுங்கள். தமிழ் வளர்ச்சித் துறை, நூல் வெளியிட நிதியுதவி தரும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. வருமான வரம்பு உண்டு. அறிவிப்பு வரும்போது உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஜனவரி போய்விடுமே என்ற பதற்றம் வேண்டாம். சென்னைக் காட்சியில் நூற்றுக்கணக்கான அரங்குகள், ஒவ்வொன்றிலும் புதுப் புத்தகங்கள். பெயர் தெரியாத ஒருவரின் முதல் புத்தகம் அந்தக் கூட்டத்தில் கண்ணில் படுவதே சிரமம். உங்கள் வாசகர்கள் தெற்கே இருக்கிறார்கள். தென்காசியிலும் நெல்லையிலும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன, அங்கே உங்களை அறிந்தவர்களே வந்து நிற்பார்கள்.

கட்டிய 5,000 ரூபாய்

நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசியில் பேச வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, தொடர விரும்பவில்லை, என் பிரதியை எந்த வடிவத்திலும் வெளியிட அனுமதி இல்லை, கோப்பை அழித்துவிட்டுத் தெரிவிக்கவும், இன்ன தேதியில் கட்டிய 5,000 ரூபாயைப் பதினைந்து நாளில் திருப்பித் தரவும். இவ்வளவு போதும். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். முன்பதிவுத் தொகை திரும்பாது என்று பணம் வாங்கும் முன் அவர்கள் எழுத்தில் சொல்லியிருந்தார்களா என்று தேடிப் பாருங்கள், கடிதத்தில் அது தெளிவாக இல்லை.

தர மறுத்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நிறுவனம் வேறு மாநிலத்தில் இருப்பது தடையில்லை. 5 லட்சம் ரூபாய்வரை புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். இது வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை, அதனால் இந்தச் சட்டம் பொருந்தாது என்று அவர்கள் வாதிடக்கூடும். ஓய்வு பெற்றவர் தன் அனுபவத்தை எழுதியது வணிகம் இல்லை என்று சொல்ல நமக்கும் நல்ல காரணம் இருக்கிறது. ஆனாலும் 5,000 ரூபாய்க்காக எவ்வளவு அலைச்சல் தாங்கும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். போனால் போகட்டும் என்று விட்டாலும் தவறில்லை. அந்த 5,000 வீணாகிவிடக்கூடாதே என்று மீதி 90,000ஐக் கட்டுவதுதான் கூடாது.

பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்குப் போனால், அல்லது 15100 என்ற எண்ணில் அழைத்தால், வழக்கறிஞர் ஒருவரை ஏற்பாடு செய்வார்கள். அந்த நிறுவனமோ வேறு யாரோ திருத்திய ஒப்பந்தம் ஒன்றை அனுப்பினால், கையெழுத்துக்கு முன் அதை அவரிடம் எடுத்துப் போய், வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.